ஆரம்ப மருத்துவத்தில் ஆண்களின் மனச்சோர்வு

(சிஞ்ச்வட்டில் தமிழ் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய நிகழ்ச்சியொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருளாதாரம் படித்துவிட்டு அரசுப் பணியில் காலம் கழித்த ஒருவன் மருத்துவம் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்குச் சற்று வியப்பாக இருக்கலாம். நான் மருத்துவன் அல்லன். ஆயினும் மனச்சோர்வு, மனப்பதற்றம் என்னும் இவ்விரு நோய்களும் மருத்துவமனை ஏட்டில் ஏறுவதற்கு முன்பாகவே வருகைப் பதிவேட்டிலும், விடுப்பு விண்ணப்பத்திலும், கூட்டுறவுச் சங்கக் கடன் கணக்கிலும் ஏறிவிடுகின்றன. அந்த ஏடுகளைப் புரட்டிப் பழகியவன் என்ற உரிமையில்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

இந்த ஊரில் இதைப் பேசுவதற்கு ஒரு பொருத்தமும் உண்டு. இங்கிருந்து சிறிது தொலைவில், பிம்ப்ரியில், 1954ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம், யுனிசெப் ஆகியவற்றின் உதவியுடன் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதுவரை வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த பெனிசிலினை நம் நாட்டு ஏழைக்கும் எட்டும் பொருளாக்குவது அதன் நோக்கம். தொற்றுநோய்க்கு எதிரான போரில் ஒரு பெரும் பங்கை ஆற்றிய பகுதி இது. ஆனால் மருந்து ஆலையில் இருந்தால் மட்டும் போதாது. நோயாளியின் எதிரில் அமர்ந்திருப்பவர் நோயை இன்னதென்று அறிந்துகொள்ளவும் வேண்டும். மனச்சோர்வைப் பொறுத்தவரை இன்று நம் நாட்டில் மருந்தும் இருக்கிறது, முறையும் இருக்கிறது. அறிந்துகொள்ளும் இடத்தில்தான் இடைவெளி இருக்கிறது. குறிப்பாக, நோயாளி ஆணாக இருக்கும்போது.

நான் ஒப்பமிட்ட ஒரு குறிப்பாணை

முன்பு நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் நாற்பது வயதைக் கடந்த ஒரு பிரிவு எழுத்தர் இருந்தார். கணக்கில் ஒரு பைசா பிசகாதவர் என்று பெயர் பெற்றவர். ஓராண்டுக் காலத்தில் அவர் மெல்ல மாறினார். காலையில் தாமதம், கோப்புகள் தேக்கம், சிறு சொல்லுக்கும் சீறி விழுதல், மாதந்தோறும் இரண்டு மூன்று நாள் மருத்துவ விடுப்பு. ஒரு முறை நெஞ்சு அடைக்கிறது என்றார். இதயத் துடிப்பை வரைபடம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். மறு முறை வயிற்றெரிச்சல். அதற்கும் மாத்திரை கிடைத்தது. மூன்றாம் முறை முதுகுவலி. சத்து ஊசி போட்டு அனுப்பினார்கள். தூக்கமில்லை என்று கூறியபோது தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஐந்து மாதங்களில் நான்கு மருத்துவர்கள். அவர்களுள் ஒருவரும், "உங்கள் மனம் எப்படி இருக்கிறது?" என்று கேட்கவில்லை.

நானும் கேட்கவில்லை. பணியில் அக்கறையின்மைக்கு விளக்கம் கோரும் குறிப்பாணை ஒன்று தட்டச்சாகி என் மேசைக்கு வந்தது. விதிப்படி அது சரியாகவே இருந்தது. ஒப்பமிட்டேன்.

அவர் விளக்கம் எழுதித் தரவில்லை. பத்து நாட்கள் அலுவலகத்திற்கே வரவில்லை. அவருடைய மனைவி அவரைத் தெருமுனையில் சிறு மருத்துவமனை நடத்தி வந்த ஒரு முதிய மருத்துவரிடம் வற்புறுத்தி அழைத்துச் சென்றிருக்கிறார். அம்மருத்துவர் பழைய சீட்டுகளையெல்லாம் ஒருபுறம் வைத்துவிட்டு, "கடைசியாக எப்போது எதிலாவது உங்களுக்கு ஆசை வந்தது?" என்று கேட்டாராம். அந்த மனிதர் பதில் சொல்லாமல் அழுதிருக்கிறார். அதன் பிறகு என்ன நடந்தது என்பதை இறுதியில் சொல்கிறேன்.

புள்ளிவிவரம் காட்டும் முரண்பாடு

தனி ஒருவரின் கதையைக் கொண்டு பொதுக் கொள்கை வகுக்க இயலாது என்பதை நான் அறிவேன். ஆகவே எண்களைப் பார்ப்போம்.

உலகெங்கும் மருத்துவர்கள் கண்டறியும் மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களிடமே மிகுதி. ஆனால் தற்கொலைக் கணக்கு நேர்மாறாக இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். அவர்களுள் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் ஆண்கள். தொழில்வாரியாகப் பார்த்தால் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலித் தொழிலாளர். மாநில வாரியாகப் பார்த்தால் முதலிடத்தில் மகாராஷ்டிரம், இரண்டாமிடத்தில் தமிழ்நாடு. பிறந்த மாநிலம், பிழைக்க வந்த மாநிலம் இரண்டும் பட்டியலின் உச்சியில் இருக்கையில், இங்கு வாழும் தமிழர்களாகிய நாம் இதை யாருடைய பிரச்சினையோ என்று ஒதுக்கிவிட முடியாது.

தற்கொலை ஒவ்வொன்றுக்கும் மனநோயே காரணம் என்று நான் கூறவில்லை. கடன், வேலையிழப்பு, குடும்பச் சச்சரவு, தீரா நோய் எனக் காரணங்கள் பலவாகப் பின்னிக் கிடக்கின்றன. ஆயினும் நோயறியும் ஏட்டில் குறைவாகவும் மரண ஏட்டில் மிகுதியாகவும் ஆண்கள் காணப்படுவதைக் கணக்கறிந்த எவரும் பொருட்படுத்தாமல் விட மாட்டார்கள். இடையில் எங்கோ பதிவு தவறுகிறது.

பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனச்சோர்வுக்கு ஆளானோரில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்று கண்டது. மதுப்பழக்க நோய்க்கும் நிலைமை அதுவே. நாட்டில் லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நிலையில், இந்த இடைவெளியைச் சிறப்பு மருத்துவர்களைக் கொண்டு மட்டும் நிரப்பலாம் என்பது நடவாத காரியம். நிரப்ப வேண்டிய இடம் ஆரம்ப சுகாதார நிலையம், ஈ.எஸ்.ஐ. மருந்தகம், ஆலை மருத்துவ அறை, தெருமுனை மருத்துவர் ஆகிய முதற்படிதான்.

ஆண்கள் கொண்டுவரும் முறையீடுகள்

ஆண்கள் மருத்துவரிடம் வருவதே இல்லை என்று கூறுவது எளிது. அது முழு உண்மையன்று. வருகிறார்கள், வேறு முறையீட்டுடன் வருகிறார்கள். "மனம் சரியில்லை" என்று சொல்லத் தயங்கும் ஒருவர், "உடம்பு அசதி", "நெஞ்சு பாரம்", "கை கால் மரத்துப்போகிறது", "பசியில்லை", "படபடப்பு" என்று தாராளமாகச் சொல்லுவார். தமிழர், மராட்டியர், இந்தி பேசுவோர் எல்லாருக்கும் பொதுவாகிவிட்ட "டென்ஷன்" என்ற சொல்லையும் சொல்லுவார். அச்சொல்லைக் கேட்டதும் மருத்துவர் சிரித்துவிட்டு அடுத்த நோயாளியை அழைப்பதே வழக்கம். உண்மையில் அது ஒரு கதவு. அங்கே நின்று மேலும் இரண்டு வினாக்கள் கேட்க வேண்டும்.

சிலர் சோகமாகத் தோன்றுவதில்லை, எரிச்சலாகத் தோன்றுகிறார்கள். சிலர் மாலையில் குடிக்கத் தொடங்குகிறார்கள். குடிப்பது தூங்குவதற்கே என்று நம்புகிறார்கள். வீட்டைத் தவிர்ப்பதற்காகக் கூடுதல் நேரப் பணியை விரும்பி ஏற்பவர்களும் உண்டு. ஆலை வேலைக்கோ, அருகில் ஹிஞ்சவடியின் மென்பொருள் பணிக்கோ ஊரைவிட்டு வந்து, நான்கு பேருடன் ஓர் அறையில் தங்கியிருக்கும் இளைஞனின் நிலை இன்னும் கடினம். அவனைத் தினந்தோறும் பார்த்து "ஏன் இளைத்துப்போனாய்?" என்று கேட்கும் தாய் அங்கில்லை. மருத்துவரிடம் சென்றாலும் வலியைச் சொல்லுமளவு மராட்டியோ இந்தியோ வந்துவிடுகிறது. மனத்தைச் சொல்லுமளவு வருவதில்லை.

கண்டறியும் வழி

இனி, கண்டறிவது எப்படி? இதற்கு எக்ஸ்ரேயும் வேண்டாம், இரத்தப் பரிசோதனைக் கருவியும் வேண்டாம். கடந்த இரு வாரங்களில், வழக்கமாகச் செய்யும் காரியங்களில் நாட்டம் குறைந்ததா என்பது ஒரு வினா. மனம் சோர்ந்தோ நம்பிக்கையிழந்தோ இருந்ததா என்பது மற்றொன்று. இவ்விரண்டில் ஒன்றுக்கேனும் "பெரும்பாலான நாட்களில்" என்ற விடை வந்தால், தூக்கம், களைப்பு, பசி, தன்னைத் தானே குறைத்து எண்ணுதல், கவனக் குறைவு, நடை பேச்சில் மந்தம் அல்லது நிலைகொள்ளாமை, சாவு பற்றிய எண்ணம் ஆகியவற்றையும் கேட்டு ஒன்பது வினாக்களாக முடிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் சுழியிலிருந்து மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவர் நின்று கவனிக்க வேண்டும். பி.எச்.க்யூ-9 என்று உலகெங்கும் வழங்கும் இவ்வினாத்தாளைச் செவிலியரோ சுகாதாரப் பணியாளரோ சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம். மனப்பதற்றத்திற்கும் இதே போன்ற ஏழு வினாக்கள் உள்ளன. மதிப்பெண் என்பது தீர்ப்பன்று. பேச்சைத் தொடங்கி வைக்கும் கருவி மட்டுமே.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, உடல் நோயை மறந்துவிடக் கூடாது. தைராய்டுக் குறைபாடு, இரத்தசோகை ஆகியவை சோர்வாகவும், தைராய்டு மிகைப்பாடு படபடப்பாகவும் தோன்றலாம். மறுபுறம், நீரிழிவு நோயாளரிடம் மனச்சோர்வு மற்றவரைவிட ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது. சர்க்கரை கட்டுப்படாததற்குச் சோர்வே காரணமாக இருக்கவும் கூடும். இரண்டாவது, தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் மருத்துவர்களிடையேகூட இருக்கிறது. இது தவறான அச்சம். நேரடியாகவும் பரிவுடனும் கேட்கப்படும் அவ்வினா பெரும்பாலும் நிம்மதியைத் தருகிறது. ஆம் என்று விடை வந்தால் அவரைத் தனியே அனுப்பாமல், உறவினருக்குத் தெரிவித்து, அன்றைக்கே மேல்சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

சிகிச்சை முறை

லேசான மனச்சோர்வுக்கு மாத்திரையிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இது பலவீனமோ பாவமோ அன்று, குணமாகக்கூடிய நோய் என்று விளக்குவதே முதல் மருந்து. அடுத்து, கைவிட்ட காரியங்களைச் சிறிது சிறிதாக மீண்டும் தொடங்கச் செய்தல். அன்றாடச் சிக்கல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தீர்வு காணப் பழக்குதல். நண்பரையோ குடும்பத்தையோ துணை சேர்த்தல். நடுத்தர, கடுமையான நிலைகளில் ஃப்ளூவோக்ஸெட்டின், எஸ்சிட்டலோப்ராம், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் உள்ளன. இவை நம் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றவை. இதய நோயாளருக்கு அமிட்ரிப்டிலின் கொடுப்பதில் எச்சரிக்கை வேண்டும்.

இம்மருந்துகளைப் பற்றி நோயாளியிடம் அவசியம் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். வயிற்றுக் குமட்டல் போன்ற சிறு தொல்லைகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். இதைச் சொல்லாவிட்டால் பத்தாம் நாள் நோயாளி மருந்தை நிறுத்திவிடுவார். மருந்து பயனற்றது என்று நான்கு பேரிடமும் சொல்லுவார். குணம் தெரிந்த பின்னும் 9 முதல் 12 மாதங்கள் தொடர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இந்நோய்க்குத் தூக்க மாத்திரையும் சத்து ஊசியும் சிகிச்சை ஆகா. முன்னது நாளடைவில் பழக்கமாகிவிடும்.

குடிப்பழக்கம் உள்ளவரிடம் கூடுதல் கவனம் தேவை. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும். மருத்துவர் பார்வையிலேயே நிறுத்த வேண்டும். காதில் குரல் கேட்பவர், முன்பு அளவுகடந்த கிளர்ச்சி நிலைக்கு ஆளானவர், சிகிச்சைக்குப் பலன் காட்டாதவர் ஆகியோரை மனநல மருத்துவரிடம் அனுப்பிவிட வேண்டும்.

கோவாவும் விதர்பாவும் தந்த பாடம்

இவை நடைமுறைக்கு ஒத்துவருமா என்று நீங்கள் கேட்கலாம். நம் மேற்குக் கரையிலேயே விடை இருக்கிறது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவர் விக்ரம் படேலும் சங்காத் அமைப்பினரும் நடத்திய இரு ஆய்வுகளின் முடிவுகள் 2016ஆம் ஆண்டு இறுதியில் லான்செட் இதழில் வெளியாயின. மருத்துவப் பட்டம் ஏதுமற்ற, உள்ளூரில் பயிற்சி பெற்ற ஆலோசகர்களே இவற்றில் சிகிச்சை அளித்தனர். கடுமையான மனச்சோர்வுக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகள் ஆலோசனை பெற்றவர்களில் மூன்று மாதங்களில் 64 விழுக்காட்டினர் தேறினர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் தேறியோர் 39 விழுக்காடு. கேடு விளைக்கும் அளவுக்குக் குடித்துவந்த ஆண்களுக்கான மற்றோர் ஆய்வில், ஆலோசனை பெற்றோரில் 36 விழுக்காட்டினரும் பெறாதோரில் 26 விழுக்காட்டினரும் அந்நிலையிலிருந்து மீண்டனர்.

இவ்விரு ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் படித்தபோது ஒன்று என் கண்ணில் பட்டது. மனச்சோர்வு ஆய்வில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மது ஆய்விலோ அனைவரும் ஆண்கள். பெண்களை மனச்சோர்வு என்ற வாயில் வழியே சந்திக்க முடிகிறது. ஆண்களைச் சந்திக்க மது, முதுகுவலி, நெஞ்சுவலி, விடுப்புச் சான்றிதழ் எனப் பக்கவாட்டு வாயில்கள் பலவற்றிலும் ஆள் நிறுத்த வேண்டும்.

மகாராஷ்டிரத்தின் விதர்பாவில், அமராவதி மாவட்டத்தின் 30 கிராமங்களில் நடைபெற்ற 'விஷ்ராம்' திட்டம் இன்னொரு பாடம் தருகிறது. விவசாயிகள் தற்கொலையால் பெயர்பெற்றுவிட்ட அப்பகுதியில், கிராமத்திற்குள்ளேயே விழிப்புணர்வும் ஆலோசனையும் கொண்டுசென்றதன் விளைவாக, மனச்சோர்வுற்றவர்களில் சிகிச்சை நாடியோர் பங்கு 18 மாதங்களில் 4.3 விழுக்காட்டிலிருந்து 27.2 விழுக்காடாக உயர்ந்தது. மக்கள் சிகிச்சையை வெறுக்கவில்லை. அது அவர்களுக்கு எட்டாமல் இருந்தது.

சட்டமும் திட்டமும்

தேசிய மனநலத் திட்டம் தொடங்கியது 1982ஆம் ஆண்டு. பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி உருவானதும் அதே ஆண்டுதான். பெல்லாரியில் நிம்ஹான்ஸ் நடத்திய முன்னோட்டத்தை அடியொற்றி 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம், இன்று எழுநூற்றுக்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்கு விரிந்துள்ளது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநலச் சிகிச்சையை உரிமையாக்கியது. உடல் நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு வேண்டும் என்று அது பணித்தது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்றும் அது கூறியது. 2022 அக்டோபர் 10 முதல் 'டெலி மானஸ்' சேவை இயங்குகிறது. 14416 என்ற எண்ணில் தமிழிலும் மராட்டியிலும் இரவு பகலாக ஆலோசனை பெறலாம். மொழி தெரியாத ஊரில் தனித்திருக்கும் நம் இளைஞர்களுக்கு இந்த ஐந்து இலக்கங்களை மனப்பாடம் செய்விப்பது நல்லது.

ஆகவே குறை சட்டத்தில் இல்லை. அது சென்று முடியும் கடைசி மேசையில் இருக்கிறது.

செலவும் வரவும்

ஒரு பொருளாதார மாணவன் செலவைப் பற்றிப் பேசாமல் அமர முடியாது. மனச்சோர்வு, மனப்பதற்றம் ஆகியவற்றால் உலகம் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலை நாட்களை இழக்கிறது என்றும், இதனால் உற்பத்தியில் நேரும் இழப்பு ஒரு லட்சம் கோடி டாலர் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இவற்றின் சிகிச்சைக்கு இடும் ஒவ்வொரு டாலரும் உடல்நலமாகவும் உழைப்பாகவும் நான்கு டாலராகத் திரும்புகிறது என்று 2016இல் வெளியான அதன் ஆய்வு கூறியது. பாசனத் திட்டத்திற்குக்கூட இத்தகைய வரவு-செலவு விகிதம் அமைவது அரிது.

இந்த ஊரின் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. திட்டம் உண்டு, மோகன்நகரில் அதற்கென மருத்துவமனையும் உண்டு. நோயுற்ற காலத்தில் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை 70 விழுக்காடு ஊதியம் அத்திட்டத்தில் கிடைக்கிறது. அதற்கு மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். அச்சான்றிதழ்களில் காய்ச்சல், இடுப்புவலி, வயிற்றுவலி என்றே எழுதப்படுகின்றன. ஒரே மனிதருக்கு ஓராண்டில் மூன்றாம் முறை அத்தகைய சான்றிதழ் எழுத நேரும்போது, பேனாவைக் கீழே வைத்துவிட்டு முன் சொன்ன இரு வினாக்களையும் கேட்பதை வழக்கமாக்கினால் என்ன? ஒரு ரூபாய்கூட இதற்குக் கூடுதல் செலவில்லை.

அலுவலர்களாகிய உங்களிடம் மேலும் சில யோசனைகளை வைக்கிறேன். சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளரின் அட்டையில் இவ்விரு வினாக்களுக்கும் ஒரு கட்டம் இருக்கட்டும். காசநோய்க்கு உள்ளது போல, மருந்தைப் பாதியில் விட்டவரைத் தேடிச் செல்ல ஒரு பதிவேடு இருக்கட்டும். வெளிநோயாளர் பிரிவில், பத்துப் பேர் காதில் விழாமல் பேச ஒரு மூலை இருக்கட்டும். மருந்துகள் ஆண்டு முழுவதும் இருப்பில் இருக்கட்டும். நெடுநாள் நல்ல பெயர் எடுத்த ஊழியர் திடீரென்று தவறத் தொடங்கினால், குறிப்பாணை தட்டச்சாகுமுன் ஒரு மருத்துவப் பரிசோதனையும் ஓர் உரையாடலும் நடக்கட்டும்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் அறையில் ஒருவன் சில வாரங்களாகச் சாப்பாட்டுக்கு வராமல் படுத்தே கிடந்தால் அவனைச் சோம்பேறி என்று கேலி செய்யாதீர்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள். தேவையெனில் மருத்துவரிடம் நீங்களும் உடன் செல்லுங்கள்.

முன்பு கூறிய எழுத்தரின் கதைக்கு வருகிறேன். முதிய மருத்துவர் அவருக்கு மருந்து கொடுத்தார். முதல் இரு மாதங்கள் வாரந்தோறும் வரச் சொன்னார். வராத வாரத்தில் ஆள் அனுப்பினார். ஓராண்டுக்கும் மேலாகச் சிகிச்சை நடந்தது. ஆறு வாரங்களில் பணிக்குத் திரும்பியவர், பணி ஓய்வு பெறும் வரை அதே பிரிவில் கணக்கு எழுதினார். பின்னொரு நாள் அவரிடம் அந்தக் குறிப்பாணைக்காக வருத்தம் தெரிவித்தேன். அவர் சொன்னது இதுதான்: "சார், அதுகூடப் பரவாயில்லை. ஒவ்வொரு முறையும் டாக்டர் உமக்கு ஒன்றுமில்லை என்று சொன்னாரே, அப்போதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. இத்தனை வேதனைக்கும் ஒன்றுமில்லை என்றால், நான்தான் ஒன்றுமில்லாதவன் என்று நினைத்துக்கொண்டேன்."

அந்தக் குறிப்பாணையை நான் திரும்பப் பெற்றுக்கொண்டேன். ஆனால் கோப்பில் அதன் நகல் இருந்தது. விதிகளின்படி கோப்பிலிருந்து எதையும் எடுத்துவிட முடியாது.